யூலியா மார்கிறெற் கமரன் அம்மையார்

கோல்புறூக்–கமரன் சீர்திருத்தம் என்ற தொடரை ஒருமுறையேனும் எழுதாது இலங்கை வரலாற்றுப் பரீட்சையிற் சித்தியெய்தியவர் நம் பழைய மாணவருள் எவரும் இலர் எனலாம். இராசகாரிய ஒழிப்பு, சட்டநிரூபண சபை, ஐந்து மாகாணங்கள், மாவட்ட நீதிமன்றங்கள் என விரல்மடித்து ஒப்புவித்த நாட்கள் பலர்க்கு இன்னும் நினைவிலிருக்கும். அத்தொடரின் பின்பாதியிலே நிற்கும் சாள்சு ஹே கமரன் என்பார் 1830 இல் இந்நாட்டுக்கு வந்து, நீதிபரிபாலனத்தை ஆராய்ந்து, 1832 இல் அறிக்கை தந்த சட்ட அறிஞர். இவ்வளவோடு பாடநூல் அவரை விட்டுவிடும். ஆயின், இன்று உலகின் பெரிய நூதனசாலைகளிலே கமரன் என்ற பெயரைச் சொன்னால் அவரை நினைப்பார் இல்லை. அவர் மனைவியாரையே நினைப்பர். நாற்பத்தெட்டாம் வயதிலே முதன்முறையாகப் படக்கருவியைக் கையிலெடுத்து, மனித முகத்தைப் படமாக்கும் கலையில் இணையற்ற இடம் பெற்று, ஈற்றில் நம் நாட்டு மலைச்சரிவொன்றிலே அடக்கம் செய்யப்பெற்ற அவ்வம்மையாரின் வாழ்க்கையை ஈண்டுச் சுருக்கமாகக் கூற முயல்வாம்.

யூலியா மார்கிறெற் 1815 ஆம் ஆண்டு ஆனி மாதம் 11 ஆந் திகதி கல்கத்தாவிற் பிறந்தார். தந்தையார் யேம்சு பற்றில் கிழக்கிந்தியக் கும்பனியாரின் உயர்ந்த உத்தியோகத்தர். தாயார் பிரெஞ்சுப் பிரபு குடும்பத்து வழிவந்தவர். அவர்கள் பெற்ற பெண்களுள் எழுவர் வளர்ந்து ஆளாயினர். அச்சகோதரிகள் அழகுக்குப் பெயர்போனவர்கள். கல்கத்தாவிலும் பின்னர் இலண்டனிலும் அவர்களைப் பற்றிப் பேசாத விருந்து மண்டபம் இல்லை. அவர்களுள் யூலியாவை மாத்திரம் அழகி என்று எவரும் சொன்னதில்லை. கெட்டிக்காரி என்றே சொன்னார்கள். அழகை ஓயாது தேடித் திரிந்த ஒருவர், தம்மைச் சூழ அழகு நிறைந்திருக்கத் தாம் மட்டும் அதன் புறத்தே நின்று வளர்ந்தார் என்பதை நாம் மறந்துவிடலாகாது.

இளமையிற் பெரும்பகுதியைப் பிரான்சிலே பாட்டியாரிடம் கழித்தார். 1836 இல் நோய் நீங்கி உடல் தேறுவதற்காக நன்னம்பிக்கை முனையில் தங்கியிருந்தபோது இருவரைச் சந்தித்தார். ஒருவர் வானியலறிஞர் சேர் யோன் ஏர்செல். தென்வானத்து விண்மீன்களைக் கணக்கெடுக்க அவர் அங்கு வந்திருந்தார். மற்றவர் சாள்சு கமரன். 1838 இல் கல்கத்தாவிலே கமரனுக்கும் யூலியாவுக்கும் விவாகம் நடந்தது. மாப்பிள்ளை மணமகளிலும் இருபது வயது மூத்தவர். பின்னர் அவர் இந்தியாவின் மகாதேசாதிபதியுடைய ஆலோசனைச் சபையில் சட்ட அங்கத்தவராகவும் விளங்கினார். இலங்கையில் ஆணைக்குழுவுக்காகச் சுற்றிய காலத்தில் இத்தீவின்மீது அவருக்கு உண்டான பற்று ஒருநாளும் தணியவில்லை. மலைநாட்டிலே நிலங்களை வாங்கிக் கோப்பி பயிரிடுவித்தார். குடும்பத்தின் செல்வமும், பின்னாளிற் குடும்பத்தின் கவலையும் அக்கோப்பிச் செடிகளிலேயே தங்கியிருந்தன.

ஏர்செலின் நட்பு வேறொரு வகையிற் பயன்பட்டது. படக்கலை பிறந்த காலத்திலேயே அதன் இரசாயன நுட்பங்களை நன்கறிந்தவர் அவர். எடுத்த படம் வெளிச்சத்திற் கருகிவிடாது நிலைக்கச் செய்யும் உப்புக்கு அக்குணம் உண்டென 1819 இலேயே கண்டவரும் அவரே. அவர் கல்கத்தாவிலிருந்த யூலியாவுக்குப் புதிய கலையின் மாதிரிகளை அனுப்பிவைத்தார். ஆயினும் அம்மையார் தாமே அதிற் கைவைக்க இன்னும் இருபதாண்டுக்கு மேற் செல்லவேண்டியிருந்தது. இடையிலே ஆறு பிள்ளைகளைப் பெற்று வளர்த்தார். தாய்தந்தையற்ற உறவினர் பிள்ளைகளையும் வீட்டில் வைத்து வளர்த்தார். புற்னி வெளியிலே பிச்சையெடுத்து நின்ற ஐரிசுக்காரி ஒருத்தியின் மகளான மேரி றையன் என்ற சிறுமியையும் கூட்டிவந்து கல்வி கொடுத்தார்.

1848 இல் குடும்பம் இங்கிலாந்துக்குச் சென்றது. 1860 இல் வைற்றுத் தீவிலுள்ள பிறெசுவாற்றர் என்னும் கடலோரச் சிற்றூரிலே, கவிஞர் தெனிசனின் வீட்டுக்கு அண்மையில், அடுத்தடுத்திருந்த இரு வீடுகளை வாங்கி ஒன்றாக்கி அதற்கு டிம்போலா என்று பெயரிட்டனர். நமது டிம்புளைதான் அங்கே டிம்போலாவாயிற்று.

1863 ஆம் ஆண்டு மார்கழி மாதம். கணவர் தோட்டங்களைப் பார்வையிட இலங்கைக்குப் போயிருந்தார். ஆண்பிள்ளைகள் படிப்பின் பொருட்டும் பிறவற்றின் பொருட்டும் பிரிந்திருந்தனர். ஒரே மகள் மணமுடித்துப் போய்விட்டாள். வீடு வெறித்துக் கிடந்தது. தாயின் தனிமையைக் கண்ட மகளும் மருமகனும் நத்தார்ப் பரிசாக ஒரு படக்கருவியைக் கொடுத்தனர். பொழுதுபோக்காக இருக்கட்டும் என்பதே அவர்கள் எண்ணம். நம்மவர் வழக்கில் அவ்வயதுத் தாயொருத்தி செய்யத்தக்கன எவை, தகாதன எவை என்பதை ஊரார் முன்னரே தீர்மானித்து வைத்திருப்பர். ஆங்கிலேயர் சமூகமும் அன்று இதில் நம்மிலும் அதிகம் வேறுபட்டதன்று.

அக்காலத்துப் படம்பிடிப்பு இக்காலத்தவர் கைப்பேசியை நீட்டி விரலால் தொடுவது போன்றதன்று. ஈதரும் அற்ககோலும் கலந்த நீரிலே வெடிபஞ்சைக் கரைத்தெடுத்த கொலோடியன் என்னும் பசையைக் கண்ணாடித்தட்டின்மீது ஊற்றி, நாற்புறமும் சமமாக ஓடும்படி சாய்த்து, இருட்டறையிலே வெள்ளி நைத்திரேற்றுக் கரைசலில் தோய்க்கவேண்டும். ஈரம் காயுமுன் கருவியிற் பூட்டிப் படமெடுத்து, ஈரம் காயுமுன்னே மீண்டும் இருட்டறைக்கு ஓடிவந்து துலக்கவேண்டும். பின்னர் கொடிய நஞ்சாகிய பொற்றாசியம் சயனைட்டாலோ வேறு உப்பாலோ நிலைப்படுத்தி, வாளி வாளியாகத் தண்ணீர் வார்த்துக் கழுவவேண்டும். அதன்பின் முட்டை வெண்கரு பூசிய கடதாசியைத் தட்டின்கீழ் வைத்து வெயிலிற் காயவிட்டுப் பிரதி எடுக்கவேண்டும். வெள்ளி நைத்திரேற்றுப் பட்ட விரல்கள் கறுத்துப்போகும். சவர்க்காரத்துக்கு அக்கறை போகாது. உயர்குடிப் பெண்ணொருத்தி கறுத்த விரல்களோடும் மருந்து மணக்கும் ஆடையோடும் விருந்தினரை வரவேற்பது கண்டு பலர் முகம் சுளித்தனர். அம்மையார் அதைப் பொருட்படுத்தியதாகத் தெரியவில்லை. நிலக்கரி வைக்கும் கொட்டில் இருட்டறையாயிற்று. கண்ணாடி பதித்த கோழிக்கூடு படமெடுக்கும் மண்டபமாயிற்று. கோழிகள் வேறிடம் போயின.

ஏறக்குறைய ஒரு மாதம் தட்டுத் தட்டாகக் கெடுத்தார். 1864 தை மாதத்தின் ஈற்றிலே, அன்னி பில்பொற்று என்ற அயற் சிறுமியின் படம் அவர் விரும்பியபடி அமைந்தது. அதையே தமது முதல் வெற்றி என்று பெயரிட்டார். அன்று முதற் பதினோராண்டுக் காலம் அவர் ஓயவில்லை. அந்த ஆண்டிலேயே இலண்டன் படக்கலைச் சங்கத்தில் அங்கத்தவரானார். மறு ஆண்டிலேயே, இன்று விக்டோரியா அல்பேட்டு நூதனசாலை எனப்படும் தென் கென்சிங்டன் நூதனசாலை அவர் படங்களை வாங்கிற்று. 1866 இல் பேர்லினிற் பொற்பதக்கம் கிடைத்தது. 1868 இல் அந்நூதனசாலையே தன் கட்டிடத்தில் இரண்டு அறைகளை அவருக்குப் படமெடுக்கும் இடமாக விட்டுக்கொடுத்தது. தொடங்கி நாலே ஆண்டு கழிந்திருந்தது.

படத்துக்கு அமர்ந்தவர்கள் யார்? ஒருபுறம் அக்காலத்து அறிவுலகின் தலைவர்கள். தெனிசன், கார்லைல், பிறௌனிங், சாள்சு டார்வின் ஆகியோரின் முகங்களை நாம் இன்று மனக்கண்ணிற் காணும்போது பெரும்பாலும் அம்மையார் எடுத்த படங்களையே காண்கின்றோம். 1867 இல் எடுத்த ஏர்செலின் படம் அவற்றுட் சிறந்தது என்பது எமது எண்ணம். கறுத்த பின்புலம், பஞ்சுபோலச் சிதறிய வெண்மயிர், வாழ்நாளெல்லாம் வானத்தை நோக்கிய கண்கள். அம்முடி அப்படி நிற்கவேண்டும் என்பதற்காக முதியவரைத் தலைமுழுகச் செய்தார் என்பர்.

மறுபுறம் அமர்ந்தவர்கள் வீட்டு வேலைக்காரப் பெண்கள், அயற்பிள்ளைகள், மீனவர், வழிப்போக்கர். ஒருவர் முகம் பிடித்துவிட்டால் அவர் தப்புவது அரிது. தெருவிற் போவாரை மறித்து அழைத்துவந்தார் எனப் பல கதைகள் உள. அமர்ந்தவர் மூன்று நிமிடமும் ஐந்து நிமிடமும் இமையாடாது இருக்கவேண்டும். அசைந்தால் முதலிலிருந்து தொடங்கவேண்டும். மேரி கிலியர் என்ற பணிப்பெண்ணை அவர் எத்தனையோ படங்களில் கன்னி மரியாளாக அமர்த்தினார். ஊரார் அப்பெண்ணை அப்பெயராலேயே அழைக்கலாயினர். காலையில் தரை துடைத்தவள் மாலையில் தேவதாயாக நின்றாள். முன்னர்க் கூறிய மேரி றையனின் கதை இதனிலும் விந்தையானது. இலண்டன் கண்காட்சியொன்றில் அவளையும் அவளைக் காட்டும் படத்தையும் கண்ட கென்றி கொற்றன் என்ற இளைஞர் அவளையே மணப்பதென உறுதிகொண்டு, 1867 இல் மணந்தார். வங்காளத்திற் சிவில் உத்தியோகம் பார்த்து, இந்தியர் உரிமைக்குப் பரிந்து பேசி, 1904 இல் பம்பாயிற் கூடிய இந்திய தேசிய காங்கிரசுக்குத் தலைமை தாங்கிய சேர் கென்றி கொற்றன் இவரே.

கண்டனங்களுக்கும் குறைவில்லை. படக்கலைப் பத்திரிகைகள் அவரைக் கடுமையாகத் தாக்கின. உருவம் தெளிவில்லை, குவியம் தவறியுள்ளது, தட்டிலே கீறலும் விரலடையாளமும் கிடக்கின்றன என்றன. இவற்றுட் சில உண்மை. தூசி படிந்த தட்டையும் அவர் எறியவில்லை. ஆனால் தெளிவின்மையைப் பற்றியவரையில் காரணம் வேறு. 1866 முதல் அவர் கையாண்டது 15 அங்குலத்துக்கு 12 அங்குலமான பெருந் தட்டு. முகத்தை ஏறத்தாழ இயல்பான அளவில் எடுத்தார். பெரிய வில்லையை நன்கு திறந்து வைத்து அருகிலுள்ள முகத்தை நோக்கினால், கண்ணிமை தெளிவாக விழும்போது காது மங்கிவிடும் என்பது பௌதிகம் படித்த மாணவர் அறிந்ததே. மற்றவர்கள் துவாரத்தைச் சுருக்கி எல்லாவற்றையும் கூர்மையாக்கினர். இவரோ, வில்லையை நகர்த்தி வரும்போது முகம் அழகாகத் தோன்றிய இடத்திலேயே நிறுத்திக்கொண்டார். சட்டைப் பொத்தான் தெளிவாகத் தெரிவது அவருக்கு வேண்டியதாய் இருக்கவில்லை. ஒரு மனிதர் முகத்துட் புகுந்து பார்ப்பதே வேண்டியதாயிருந்தது. ஐம்பதாண்டு கழித்து அமெரிக்காவில் சிற்றிக்கிளிசு என்னும் படக்கலைஞர் 1913 இல் தமது சஞ்சிகையில் இப்படங்களை மறுபடி வெளியிட்டபோதுதான் அக்கண்டனங்களுக்கு விடை கிடைத்தது.

இது செல்வச் சீமாட்டியின் விளையாட்டு என்று நினைப்பாருமுளர். அது முற்றும் சரியன்று. ஐந்நூறுக்கு மேற்பட்ட படங்களை உரிமைப் பதிவு செய்து, இலண்டன் வணிகர் மூலம் விற்க ஏற்பாடு செய்தவர் அவர். கோப்பித் தோட்டங்கள் எதிர்பார்த்த வருவாயைத் தரவில்லை. 1869 இல் இலங்கைக் கோப்பியில் இலைநோய் தோன்றியது. செம்மஞ்சட் பொடியாக இலையின் கீழ்ப்புறம் படரும் அப்பூஞ்சணம் சில ஆண்டுகளில் மலைநாட்டின் பொருளாதாரத்தையே தின்றுவிட்டது. படம் விற்றுக் கடன் தீர்க்கலாம் என்ற நம்பிக்கை நிறைவேறவில்லை. மருந்துக்கும் தட்டுக்கும் ஆன செலவே மிகுதி. 1873 இல் படக்கருவியைப் பரிசளித்த மகள் பிள்ளைப்பேற்றில் இறந்தாள்.

1875 ஐப்பசியிலே கமரன் தம்பதிகள் இலங்கைக்குப் புறப்பட்டனர். கணவருக்கு வயது எண்பது, அம்மையாருக்கு அறுபது. ஆண்மக்கள் இங்கிருந்தனர். இங்கே பிழைக்கும் செலவும் குறைவு. எல்லாவற்றுக்கும் மேலாக, தாம் காதலித்த தீவிலேயே கண்மூடவேண்டும் என்பது கிழவர் ஆசை. அவர்கள் கப்பலேறியபோது ஒரு பசுவையும் இரண்டு சவப்பெட்டிகளையும் உடன்கொண்டு சென்றனர். போகுமிடத்தில் நல்ல பெட்டி கிடைக்குமோ கிடையாதோ என்ற முன்யோசனை! பெட்டிகள் வெறுமனே போவானேன் என்று பாத்திரங்களை அவற்றுள் அடுக்கிக்கொண்டார்கள் என்பர்.

களுத்துறையிலே மகன் ஆடிஞ்சு கமரன் அரசாங்க உத்தியோகத்திலிருந்தார். ஆற்றுமுகத்துக்கு அண்மையிலிருந்த அவர் வீட்டிலும், மலைநாட்டுத் தோட்டத்திலுமாக மாறிமாறி வாழ்ந்தனர். அம்மையார் படக்கருவியைக் கொண்டுவந்திருந்தார். ஆனால், ஈதர் சதமவளவில் 35 பாகையை எட்டுமுன்னே கொதித்துவிடும் பொருள். களுத்துறை வெயிலிலே கொலோடியன் தட்டிற் பரவுமுன்னே காயும். மருந்துகள் இலண்டனிலிருந்து கப்பலில் வரவேண்டும். கழுவுவதற்கு நல்ல தண்ணீர் வேண்டும். படத்தை வாங்குவாரும் புகழ்வாரும் பழிப்பாரும் ஆயிரக்கணக்கான மைலுக்கு அப்பால் இருந்தனர். ஆகவே இங்கிலாந்தில் ஆண்டுக்கு எண்பது தொண்ணூறு படங்கள் ஆக்கியவர், இலங்கையிற் கழித்த ஏறக்குறைய மூன்றாண்டில் எடுத்தவற்றுள் நமக்குக் கிடைப்பவை முப்பதுக்கும் குறைவு.

1877 தை மாதத்தில், உலகெங்கும் சுற்றிச் செடிகொடிகளை ஓவியந் தீட்டிய மரியன் நோத்து என்ற அம்மையார் களுத்துறைக்கு விருந்தினராக வந்தார். அவரை நடுப்பகல் வெயிலில் தென்னோலைக்கு முன்னே நிறுத்திப் படமெடுத்ததை அவர் சிரிப்போடு எழுதிவைத்திருக்கிறார். அவர் எழுதிய இன்னொன்று எம்மைச் சிந்திக்க வைக்கிறது. கூலியாள் ஒருவனின் முதுகழகைக் கண்ட கமரன் அம்மையார் அவனைத் தோட்டக்காரனாக வைத்துக்கொள்ளும்படி மகனை வற்புறுத்தினாராம். வீட்டிலோ தோட்டமில்லை, அவனுக்கோ தோட்டவேலை என்றால் என்னவென்று தெரியாது. நோத்து இதை நகைச்சுவையாகவே கூறினார்.

அம்மையார் இங்கு எடுத்த படங்களில் அமர்ந்தோருட் பலர் தென்னிந்தியாவிலிருந்து வந்த தமிழ்த் தொழிலாளர் என்பது ஆராய்ச்சியாளர் கருத்து. அக்காலத்தை நாம் நினைவுகூர வேண்டும். 1876 முதல் 1878 வரை தமிழ்நாட்டை வாட்டியது பெரும் பஞ்சம். மன்னாரில் இறங்கி, வடபாதை வழியே காடுகளூடாக மாத்தளைக்கு நடந்து வந்தவர்களுட் பலர் அவ்வழியிலேயே வாந்திபேதிக்கு இரையாயினர். அதே ஆண்டுகளிலே யாழ்ப்பாணத்திலும் அரிசிப்பஞ்சம் மூண்டது. ஆறுமுக நாவலர் கஞ்சித்தொட்டி வைத்து ஏழைகளைக் காத்தார். அந்தக் கூட்டத்தில் தப்பி மலையேறி வந்தவர் சிலரின் முகங்களே இப்படங்களில் இருத்தல் கூடும்.

அப்படங்களை உற்றுநோக்கினால் ஒன்று புலப்படும். கொழும்பிலும் கண்டியிலும் இருந்த வெள்ளைக்காரப் படக்கடையார் தமிழன், சிங்களவன், மூர் என இனவாரியாக ஆட்களை நிறுத்தி, பிரயாணிகளுக்கு விற்கும் சரக்காகப் படமெடுத்தனர். கமரன் அம்மையார் தெனிசனைப் பார்த்த அதே பார்வையால் இவர்களையும் பார்த்தார்: அதே நெருக்கம், அதே பக்கவொளி, அதே மௌனம். மூக்குத்தியும் தோடும் அணிந்து, கைகளைக் கட்டியோ தொங்கவிட்டோ நிற்கும் பெண்களின் முகத்திலே காட்சிப்பொருளின் அசட்டுத்தன்மை இல்லை. நேராகப் பார்க்கிறார்கள். சிலர் பார்வையிலே வெறுப்புமுண்டு என்று எமக்குத் தோன்றுகிறது. வேண்டாம் என்று சொல்ல அவர்களுக்கு இடமிருந்ததா? துரைசானி நில் என்றால் நிற்கவேண்டிய நிலைமை அது. டார்வின் வந்து அமர்ந்தது வேறு. லயத்துப் பெண் வந்து நின்றது வேறு.

வேற்றுமை பெயரிலே தெளிவாகிறது. இங்கிலாந்தில் பணிப்பெண்ணுக்கும் பெயர் உண்டு; மேரி கிலியரின் வரலாறு பலர்க்கும் தெரியும். இங்கே அமர்ந்தவர்களுக்குப் பெயரில்லை. 1878 இல் எடுத்த களுத்துறைக் குடியானவர் படமொன்றின் கீழ், சிறுமிக்கு வயது பன்னிரண்டென்றும், அருகிலுள்ள கிழவர் தாம் அவள் தகப்பனென்றும் தமக்கு வயது நூறென்றும் சொல்கிறார் என்றும் எழுதப்பட்டுள்ளது. வயதைக் கேட்டவர் பெயரைக் கேட்டிருக்கலாகாதா? பிச்சைக்காரியின் மகளை வீட்டிலேற்றி வளர்த்த ஒருவரிடத்தே இக்குறை இருந்தது என்பதை மறைப்பது வரலாறாகாது. எனினும் அப்படங்கள் இல்லையேல், அந்த மனிதர்கள் தோட்டத்துக் கூலிக்கணக்கிலே ஓர் எண்ணாக மட்டுமே நின்றிருப்பர் என்பதையும் கூறாது விடலாகாது.

1878 இல் அம்மையார் ஒருமுறை இங்கிலாந்து சென்று திரும்பினார். திரும்பிய சின்னாளில் நோயுற்று, 1879 தை 26 இல் டிக்கோயாப் பள்ளத்தாக்கிலுள்ள கிளென்கயான் தோட்டத்தில் உயிர்நீத்தார். அவ்வாண்டே மார்கழியில் நாவலரும் சிவபதமடைந்தார். தொண்ணூறு வயதுவரை இருப்பார் போலத் தோன்றிய கமரன் கிழவர் மறு ஆண்டு வைகாசியில், எண்பத்தைந்தாம் வயதில், மனைவியைத் தொடர்ந்தார்.

அவர் புகழ் சிலகாலம் மங்கிற்று. அவருக்குப் பிடித்த மாதிரிகளுள் ஒருவரான மருமகள் யூலியா யாக்சனின் மகளே ஆங்கில நாவலாசிரியை வேர்சீனியா வுல்பு. அவர் 1926 இல் ஓவிய விமரிசகர் ரோசர் பிறையுடன் சேர்ந்து பாட்டியாரின் சகோதரியான அம்மையாரின் படங்களை நூலாக வெளியிட்டார். 1948 இல் எல்மற்று கேண்சயிம் எழுதிய வரலாறு மீண்டும் அவரை உலகறியச் செய்தது. பிறெசுவாற்றரிலுள்ள டிம்போலா இன்று ஒரு நூதனசாலை.

நம்மவருக்கு உரிய ஒரு தொடர்பையும் சொல்லிவிடலாம். அம்மையார் களுத்துறையில் இருந்த 1877 ஆம் ஆண்டிலே, இருபத்தைந்து மைலுக்கு அப்பாற் கொழும்பில், யாழ்ப்பாணத்து வேரினையுடைய சேர் முத்துக்குமாரசுவாமிக்கு ஒரு மகன் பிறந்தார். அவரே கலாயோகி ஆனந்த குமாரசுவாமி. கோல்புறூக்–கமரன் சீர்திருத்தத்தின் பயனாகத் தோன்றிய சட்டநிரூபண சபையிலே தமிழர் சார்பில் முதலில் அமர்ந்தவர் அக்குழந்தையின் பாட்டனார். 1924 இல் பொசுற்றன் நூதனசாலையில் அதிகாரியாயிருந்த ஆனந்த குமாரசுவாமி, முன்னர்க் கூறிய சிற்றிக்கிளிசின் 27 படங்களை அந்நூதனசாலைக்குப் பெற்றுக்கொடுத்தார். படம் கலையாகுமா என்று அமெரிக்க நூதனசாலைகள் தயங்கிய காலம் அது.

ஹற்றனிலிருந்து நோர்வூட் வழியாகப் பொகவந்தலாவைக்குப் போகும் பாதையிலே பிரயாணஞ் செய்யும் நம் பழைய மாணவர் பலர். கோப்பி அழிந்து, இருபுறமும் தேயிலையே நிற்கிறது. அங்குள்ள சென் மேரிசு தேவாலயத்தின் முற்றத்திலே கணவனும் மனைவியும் ஓரிடத்தில் அடக்கமாகியிருக்கின்றனர்.